அத்தியாயம் 9: பழைய வயர்லெஸ் செட்டுகளை மாற்றும்போது

பெரும்பாலான ஊர்களில் இந்த வேலை ஒரு கடிதத்தோடு தொடங்குகிறது. தீயணைப்பு வீரர்களும் போலீஸாரும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் கையில் வைத்திருக்கும் செட்டைத் தயாரித்த நிறுவனம், இந்த மாடலுக்கு இன்ன தேதிக்குப் பிறகு உதிரிபாகம் கிடைக்காது, பழுதுபார்ப்பும் கிடையாது என்று எழுதுகிறது. கூடவே புதிய மாடலின் விலைப்பட்டியலும் வரும். அடுத்த வாரமே அந்த விலைப்பட்டியலை அடிப்படையாக வைத்துக் கோப்பு தயாராகி, மன்றக் கூட்டத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் கோப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். உங்கள் ஊரில் எந்தெந்த இடத்தில் நின்று பேசினால் வெளியே கேட்பதில்லை என்பது முதலில் தெரிய வேண்டும். எந்த செட், எத்தனை செட் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த அத்தியாயத்தின் உதாரணங்கள் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே தீயணைப்பும் போலீஸும் பெரும்பாலும் நகராட்சி, கவுண்டி போன்ற உள்ளாட்சிகளின் பொறுப்பு. செட் வாங்குவதும் டவர் கட்டுவதும் அதற்காக மக்களிடம் வரி கேட்பதும் உள்ளூர் மன்றமே. ஏதாவது பிசகினால் விசாரணை நடந்து, அறிக்கை பொதுவில் வந்துவிடுகிறது. அதனால் முப்பது ஆண்டு அனுபவம் எழுத்தில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் தீயணைப்பும் மீட்பும் மாநில அரசின் துறை, போலீஸும் அப்படியே. ஆனாலும் மழை வெள்ளத்துக்காக மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறைக்கு வாக்கி டாக்கி வாங்கும் அலுவலர் முன்னால் வரும் கேள்விகள் இவைதான்.

நியூயார்க்கில் நடந்தது

1993 பிப்ரவரி 26 அன்று உலக வர்த்தக மையத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் குண்டு வெடித்தபோது, அந்த உயரக் கட்டடங்களுக்குள் தீயணைப்பு வீரர்களின் செட்டுகள் சரியாக எடுபடவில்லை. அதற்குப் பிறகு அந்த வளாகத்தில் ஒரு ரிப்பீட்டர் பொருத்தினார்கள். கைசெட்டின் பலவீனமான குரலை வாங்கி, பலமாக்கித் திருப்பி அனுப்பும் கருவி அது. செட்டுகளை மாற்றும் வேலை எட்டு ஆண்டு இழுத்தது.

2001 மார்ச்சில் ஒருவழியாகப் புதிய டிஜிட்டல் செட்டுகள் வீரர்களின் கைக்கு வந்தன. ஒரே வாரத்தில் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தீப்பிடித்த வீட்டின் அடித்தளத்தில் வழி தெரியாமல் சிக்கிய வீரர் ஒருவர் ‘மேடே’ என்று அபயக்குரல் கொடுத்தது, அதே இடத்தில் இருந்த சக வீரர்களுக்குக் கேட்கவில்லை. புதிய செட்டுகள் கிடங்குக்குப் போயின. 1993-இல் பயன்பட்ட அதே வகைப் பழைய செட்டுகள் மறுபடி இடுப்புக்கு வந்தன. அடுத்த ஆறு மாதத்தில் செப்டம்பர் 11.

அன்று காலை வடக்குக் கோபுரத்தின் லாபியில், ரிப்பீட்டரை இயக்கும் கருவியைச் சோதித்துப் பார்த்த அதிகாரிகள், அது வேலை செய்யவில்லை என்று முடிவுசெய்து கைவிட்டார்கள். ரிப்பீட்டர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதை முழுமையாக இயக்க அழுத்த வேண்டிய இரண்டாவது பட்டன் அழுத்தப்படாமல் இருந்தது என்று விசாரணை ஆணையம் பின்னர் கண்டது. தெற்குக் கோபுரத்தில் ஏறிய குழு அதே ரிப்பீட்டர் வழியாகப் பேசிக்கொண்டே 78-ஆவது மாடிவரை போனது. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அத்தனை சாவையும் செட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் செட் வாங்கும் எவரும் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பழையதை மாற்றத் தாமதித்தது, புதியதைக் களத்தில் சோதிக்காமல் கொடுத்தது, இருந்த நல்ல கருவியை இயக்கப் போதிய பழக்கம் தராதது என மூன்று பிசகும் ஒரே ஊரில், ஒரே கதையில் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 12 அன்று வாஷிங்டனில் லாஃபான் பிளாசா மெட்ரோ நிலையத்துக்கு அருகே, சுரங்கப் பாதையில் புகை சூழ்ந்து ரயில் நின்றுவிட்டது. ஒரு பயணி இறந்தார். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். கீழே இறங்கிய தீயணைப்பு வீரர்களின் செட்டுகள் சுரங்கத்துக்குள் சரியாக எடுக்கவில்லை. அந்த நிலையத்தில் சிக்னல் கோளாறு இருப்பதைச் சில நாட்களுக்கு முன்புதான் தீயணைப்புத் துறை சோதித்துக் கண்டுபிடித்து, மெட்ரோ நிர்வாகத்துக்குத் தெரிவித்திருந்தது. ஆக, சோதித்துத் தெரிந்துகொள்வதோடு வேலை முடியாது. ஓட்டை தெரிந்த அன்றே அங்கே பணிக்குப் போகும் எல்லோருக்கும் அது தெரிய வேண்டும். அடைக்கும்வரை மாற்று ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்.

வரைபடத்தில் பச்சை, களத்தில் ஊமை

விற்பனையாளர் கொண்டுவரும் கவரேஜ் வரைபடம் அழகாக இருக்கும். ஊர் முழுக்கப் பச்சை, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள், மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. கீழே ‘95 சதவீதம்’ என்று எழுதியிருக்கும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரியும்வரை அதற்குப் பொருளே இல்லை.

முதல் கேள்வி: இது கார் செட்டுக்கான வரைபடமா, கைசெட்டுக்கானதா? வண்டியில் பொருத்திய செட்டின் திறன் சுமார் 50 வாட் இருக்கலாம். அதன் ஆன்டெனா கூரைமேல் தடையில்லாமல் நிற்கிறது. கைசெட் 3 முதல் 5 வாட். அதுவும் இடுப்புப் பட்டையில் தொங்கும்போது மனித உடலே பாதி சிக்னலைக் குடித்துவிடும். கார் செட்டுக்கு வரைந்த படத்தைக் காட்டி கைசெட்டை விற்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

இரண்டாவது: வெட்டவெளிக்கா, கட்டடத்துக்குள்ளேயா? கான்கிரீட் சுவர், இரும்புக் கூரை, வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய நவீனக் கண்ணாடி எல்லாமே சிக்னலைத் தின்னும். கனமான கட்டடத்துக்குள் 20 டெசிபல் இழப்பு சாதாரணம். எளிய கணக்கில் சொன்னால், வெளியே நூறு பங்கு இருந்த சிக்னல் உள்ளே ஒரு பங்காகிவிடுகிறது. உங்கள் வீரர்கள் ஆபத்தில் மாட்டுவது சாலை நடுவில் அல்ல, இப்படிப்பட்ட சுவர்களுக்கு உள்ளேதான்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. டவரிலிருந்து செட்டுக்கு வரும் சிக்னலா, செட்டிலிருந்து டவருக்குப் போகும் சிக்னலா? டவரில் இருக்கும் கருவி பலமானது. அது பேசுவது அடித்தளத்தில் இருப்பவருக்கும் கேட்டுவிடும். கையில் இருக்கும் சிறிய செட் பேசுவது டவருக்கு எட்டாது. கன்ட்ரோல் ரூமிலிருந்து வரும் குரல் தெளிவாகக் கேட்பதால், தன் குரலும் போய்ச் சேர்கிறது என்று உள்ளே இருப்பவர் நம்பிக்கொண்டிருப்பார். இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு திசைக்கும் தனித்தனியாக எண் எழுதி வாங்குங்கள்.

நான்காவது: 95 சதவீதம் என்பது எதில் 95? பரப்பளவில் என்றால், 1,000 சதுர கிலோமீட்டர் கொண்ட கவுண்டியில் 50 சதுர கிலோமீட்டர் ஊமையாக இருந்தாலும் விற்பனையாளர் ஒப்பந்தப்படி நடந்துகொண்டவர் ஆகிவிடுவார். அந்த 50 சதுர கிலோமீட்டரில்தான் ஊரின் மருத்துவமனை இருக்கிறதா என்று எந்த எண்ணும் சொல்லாது. அதனால் எண்ணோடு சேர்த்துக் கட்டடங்களின் பட்டியல் ஒன்றையும் ஒப்பந்தத்தில் இணையுங்கள். மருத்துவமனையின் அடித்தளம், சிறைச்சாலை, மேல்நிலைப் பள்ளி, நீதிமன்றம், பெரிய சந்தை, ரசாயனக் கிடங்கு, சுரங்கப் பாதை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். இந்தப் பட்டியலைத் தயாரிக்க அலுவலகத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் போய், எங்கே செட் எடுக்காது என்று கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு வருடக்கணக்காகத் தெரியும். கேட்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒலித் தெளிவுக்கும் அளவுகோல் உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் அந்த அளவில் 3.4 என்பதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறைகள் வழக்கமாகக் கேட்கின்றன. சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி அரிதாகத்தான் கேட்க நேரும் என்பது அதன் பொருள். ‘சிக்னல் கிடைக்கும்’ என்ற வாக்கியத்தை ஏற்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள்.

நிறுவி முடித்த பிறகு செய்யும் சோதனையும் முறையாக நடக்க வேண்டும். ஊர் முழுவதையும் வரைபடத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஏதாவது ஓரிடத்தில் நின்று பேச வேண்டும். ஒருவர் ஒரு வாக்கியத்தைப் படிப்பார். மறுமுனையில் இருப்பவர் கேட்டதை எழுதி மதிப்பெண் போடுவார். பிறகு திசை மாறும். விற்பனையாளரின் பொறியாளர் உடன் வரலாம். ஆனால் காதில் கேட்டு மதிப்பெண் போடுவது உங்கள் வீரராக இருக்கட்டும். மரங்கள் நிறைந்த ஊர் என்றால் இலை உதிர்ந்த குளிர்காலத்தில் சோதிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இலை அடர்ந்திருக்கும்போது சிக்னல் இன்னும் குறையும். கோடையில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

கட்டடத்துக்குள் சிக்னல் கொண்டுபோக எல்லாச் செலவையும் உள்ளாட்சியே சுமக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசத் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பின் 510-ஆவது பிரிவு, பெரிய புதுக் கட்டடங்களில் மீட்புப் பணியாளரின் செட் வேலை செய்வதைக் கட்டட உரிமையாளரின் பொறுப்பாக்குகிறது. சிக்னல் போதவில்லை என்றால் அவரே பெருக்கிக் கருவி பொருத்த வேண்டும். கட்டட அனுமதி தரும் அதிகாரம் உங்களிடம் இருந்தால் இந்த நிபந்தனையை இன்றே சேர்த்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அரைகுறையாகப் பொருத்திய பெருக்கி, ஊரின் முழு ரேடியோ வலையையும் இரைச்சலால் கெடுக்கும். பொருத்துபவருக்குத் தகுதிச் சான்றும் ஆண்டுதோறும் ஆய்வும் கட்டாயம்.

டிஜிட்டலுக்கு மாறும்போது

அமெரிக்காவில் உள்ளாட்சிகள் வாங்கும் செட்டுகள் இன்று பெரும்பாலும் ‘ப்ராஜெக்ட் 25’ என்ற பொதுத் தரத்தைச் சேர்ந்தவை. 1989-இல் பொதுப் பாதுகாப்புத் தகவல்தொடர்பு அலுவலர்களின் சங்கம் இதைத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் செட் இன்னொரு நிறுவனத்தின் டவரோடு பேச வேண்டும் என்பதே நோக்கம். டவர் கட்டியவரிடமே கைசெட்டையும் வாங்கித் தீர வேண்டும் என்ற நெருக்கடி இதனால் குறைகிறது. டவருக்கும் கைசெட்டுக்கும் தனித்தனி டெண்டர் விடுங்கள். விலை வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

பொதுத் தரம் என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. நிறுவனத்துக்கே உரிய சில வசதிகளை இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். குறிப்பாக ரகசியப் பேச்சுக்கான குறியாக்கத்தில் இது நடக்கிறது. இலவசமாக வந்த குறியாக்கத்தை ஒரு ஊர் பழகிக்கொண்டால், வேறு நிறுவனச் செட் வைத்திருக்கும் பக்கத்து ஊரோடு பேச்சு அறுந்துவிடும். தரத்தில் உள்ள குறியாக்கத்தையே கேளுங்கள், காசு கொடுத்தாவது வாங்குங்கள். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, தரத்துக்கு ஏற்பச் சோதித்த செட்டுகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் இல்லாத மாடலை எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

டிஜிட்டல் செட் மனிதக் குரலை எண்களாகச் சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கும் முறை மனிதப் பேச்சுக்காகச் செய்தது. சங்கிலி ரம்பம் ஓடும்போது, வீரர் அசையாமல் கிடந்தால் அலறும் அபாயமணி அடிக்கும்போது, மூச்சுக் கருவியில் காற்று தீர்வதைச் சொல்லும் மணி ஒலிக்கும்போது, எது குரல் எது இரைச்சல் என்று அது குழம்பிவிடும். பழைய அனலாக் செட்டில் இரைச்சலோடு இரைச்சலாகக் குரலும் கேட்கும். பழகிய காது பிரித்தெடுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் சொல்லே உருக்குலைந்து வரும், அல்லது ஒன்றும் வராது. சிக்னல் குறைந்துகொண்டே போகும்போதும் அப்படியே: கடைசி நொடிவரை தெளிவாகக் கேட்டு, சட்டென்று நின்றுபோகும். அபாயம் நெருங்குகிறது என்ற முன்னறிவிப்பு காதுக்குக் கிடைப்பதில்லை.

இதை அமெரிக்கத் தீயணைப்புத் தலைவர்களின் சர்வதேசச் சங்கம் 2008-இல் ஒரு தனிக்குழு வைத்து ஆராய்ந்தது. மைக்கை எங்கே பிடிப்பது, முகக்கவசத்தின் எந்தப் பகுதிக்கு அருகில் வைப்பது என்பதெல்லாம் அதன் பிறகு பயிற்சியில் சேர்ந்தன. தீக்களத்துக்கு மட்டும் டவர் வழியே போகாமல், செட்டிலிருந்து செட்டுக்கு நேரடியாகப் பேசும் அனலாக் சேனலை இன்றும் பல துறைகள் வைத்திருக்கின்றன. ஊர்க் கன்ட்ரோல் ரூமோடு பேச டிஜிட்டல். எரியும் வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் பேச நேரடி அனலாக். என் கருத்தில் சிறிய ஊர்களுக்கு இதுவே சரியான ஏற்பாடு. புதிய செட்டில் அனலாக் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்; ‘நவீனமாக்கல்’ என்ற பெயரில் அதை நீக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கையுறையோடு சோதித்துப் பாருங்கள்

செட்டைத் தேர்வு செய்யும் கூட்டம் பெரும்பாலும் ஏ.சி. அறையில் நடக்கிறது. மேசைமேல் மூன்று மாடல்கள் இருக்கும். எல்லோரும் எடுத்துப் பார்த்து, திரை பளிச்சென்று இருப்பதைப் பாராட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். அந்தச் செட்டைத் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், முழு உடையும் தடித்த கையுறையும் முகக்கவசமும் போட்ட ஒருவரிடம் கொடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, சேனல் மாற்றச் சொல்லுங்கள்.

மேலே இருக்கும் குமிழைப் பாருங்கள். பெரும்பாலும் 16 நிலைகள். ஒலி கூட்டும் குமிழும் சேனல் குமிழும் உயரத்திலோ வடிவத்திலோ வேறுபட்டிருந்தால்தான் கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு எது எது என்று தெரியும். ஒரு பக்கமாகக் கடைசிவரை திருப்பினால் எந்த சேனலில் போய் நிற்கிறது? அது வீரருக்குப் பயன்படும் சேனலாக இருக்க வேண்டும். தரையில் ஊர்ந்துகொண்டிருப்பவர் எண்ணிப் பார்த்துத் திருப்ப மாட்டார், முட்டும்வரை திருப்புவார். ஆரஞ்சு நிற அபாய பட்டன் ஆன்டெனாவின் அடியில் எவ்வளவு உள்ளே அமர்ந்திருக்கிறது? அதிகம் உள்ளே இருந்தால் கையுறை எட்டாது. அதிகம் துருத்தினால் வண்டியில் ஏறும்போதெல்லாம் தானாக அழுந்தும். தினமும் பொய்யாக ஒலிக்கும் அபாய ஒலியைக் கன்ட்ரோல் ரூம் சீக்கிரமே பொருட்படுத்தாமல் விட்டுவிடும்.

வெப்பமும் ஒரு கேள்வி. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தீக்களத்தில் சந்திக்கக்கூடிய வெப்பத்தில் வைத்த கைசெட்டுகளில் பல 15 நிமிடத்துக்குள் சரியாக இயங்காமல் போயின. செட்டைத் தீயுடையின் பைக்குள் வைப்பதற்கும் வெளியே தொங்கவிடுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தோளில் மாட்டும் மைக்கின் ஒயரும் பலவீனமான இடம். அது உருகினால் செட் நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. தீக்களச் செட்டுக்கென்றே என்.எஃப்.பி.ஏ. 1802 என்ற தரம் 2021-இல் வந்தது. தீயணைப்பு வீரர் செட்டுக்கு அதைக் கேளுங்கள். பூங்காக் காவலருக்கும் சாலைப் பணியாளருக்கும் அந்த விலை தேவையில்லை.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு மாற்று பேட்டரி, வண்டிக்கு ஒரு சார்ஜர், வாங்கிய தேதியை ஒவ்வொரு பேட்டரியிலும் எழுதி ஒட்டுதல், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற பட்ஜெட்டில் ஒதுக்கீடு. இதைச் செய்யாத ஊரில், புதிய செட் மூன்றாம் ஆண்டே ‘சரியில்லை’ என்று பெயர் வாங்கிவிடும்.

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

மன்றக் கூட்டத்தில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். அமெரிக்காவில் மீட்புப் பணியாளருக்கென்றே செல்போன் வலை இருக்கிறது. 2012-இல் சட்டம் இயற்றி ‘ஃபர்ஸ்ட்நெட்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள், 2017-இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். படம், வரைபடம், நோயாளியின் விவரம் அனுப்ப அது அருமையானது. ஆனால் டவர் விழுந்தபின் பக்கத்து அறையில் இருப்பவரோடு பேச செல்போன் உதவாது. போனின் சக்தி சுமார் 0.2 வாட், கைசெட் 5 வாட், அதாவது 25 மடங்கு. நேரடிப் பேச்சில் அந்த வித்தியாசம் உயிரைக் காக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்போன் செத்துப்போன சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரேடியோ டவரும் விழும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2005-இல் கத்ரீனா சூறாவளியின்போது நியூ ஆர்லியன்ஸில் ஜெனரேட்டர் கெட்டு ரேடியோ அமைப்பு முடங்கியது. போலீஸாரும் தீயணைப்பினரும் நாட்கணக்கில் ஓரிரு பொது சேனலில் ஒருவர்மேல் ஒருவர் பேச வேண்டியிருந்தது. டவர் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் நீங்களே நேரில் போங்கள். ஜெனரேட்டர் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, எத்தனை நாளுக்கு டீசல், பாதை மூழ்கினால் டீசல் எப்படி வரும், பழுதுபார்ப்பவரைத் தடுப்பில் நிறுத்தாமல் உள்ளே விட யாருடைய அனுமதிக் கடிதம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அலைவரிசை உரிமம்

செட்டின் ஆயுள் அரசின் கொள்கையையும் பொறுத்தது. 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். அலைகளில் ஒரு சேனலின் அகலம் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.5-ஆகக் குறைந்தது. மாற முடியாத செட்டுகள் நல்ல நிலையில் இருந்தும் குப்பைக்குப் போயின. 2012-இல் வந்த சட்டம் ஒன்று, பெரிய நகரங்கள் பயன்படுத்தும் 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ‘டி-பேண்ட்’ அலையைத் திருப்பிக் கேட்டது. அந்த ஊர்களெல்லாம் எட்டு ஆண்டு புதிதாக எதையும் வாங்கத் தயங்கி நின்றன. 2020 டிசம்பரில் அந்த விதியே ரத்தானது. வாங்குவதற்கு முன்பு, உங்கள் அலைவரிசையைப் பற்றி நிலுவையில் இருக்கும் சட்டம், உத்தரவு எல்லாவற்றையும் கேட்டறியுங்கள்.

இந்தியாவில் உரிமம் தருவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. செட்டுக்கு டெண்டர் விடுவதற்கு முன்பே அலைவரிசைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வாக்கி டாக்கிகளில் உரிமம் தேவைப்படாதவை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் இயங்குபவை. அந்த அலையில் யார் வேண்டுமானாலும் பேசலாம். கல்யாண மண்டபத்துக்கும் கட்டுமானத் தளத்துக்கும் போதும். வெள்ள மீட்புக்கு அதை நம்பி ஆளை அனுப்பக் கூடாது.

பணம்

வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் சியாட்டில் நகரம் இருக்கிறது. அங்கே 1990-களில் கட்டிய ரேடியோ அமைப்புக்கு உதிரிபாகம் கிடைப்பது நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், மக்களிடமே போனார்கள். 2015 ஏப்ரலில் வாக்கெடுப்பு. சொத்து மதிப்பில் 1,000 டாலருக்கு 7 சென்ட் வீதம் ஒன்பது ஆண்டு வரி. மொத்தம் சுமார் 27.3 கோடி டாலர். மக்கள் ஒப்புக்கொண்டார்கள். கவுண்டியும் நகரங்களும் சேர்ந்து பொது அமைப்பு ஒன்றை உருவாக்கி, பழையதைவிடக் கூடுதல் டவர்களோடு புதிய வலையைக் கட்டின. வாக்கெடுப்பு நடந்து எட்டு ஆண்டு கழித்து, 2023-இல்தான் பெருவாரியான துறைகள் அதற்கு மாறின. டவருக்கு இடம் பிடித்து, அனுமதி வாங்கி, கட்டி, சோதிப்பதற்கு இவ்வளவு காலம் ஆகும். உதிரிபாகம் நிற்கும் தேதிக்கு இரண்டு ஆண்டு முன்பு தொடங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கைசெட்டை மட்டும் மாற்றும் சிறிய கவுண்டிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 600 செட், ஒன்று 5,000 டாலர் என்றால் 30 லட்சம் டாலர். கைசெட்டின் ஆயுளைப் பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டு என்று வைத்துக்கொள்கிறார்கள். பத்து என்றே வைத்தாலும், வாங்கிய மறுநாளிலிருந்து ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் தனிக்கணக்கில் சேர வேண்டும். மென்பொருள் மேம்பாட்டுக் கட்டணம், பேட்டரி, மைக் எல்லாம் அதற்கு மேல். தீயணைப்புக்கான மத்திய அரசு மானியம் கிடைத்த ஊர்களில்தான் இந்தத் தனிக்கணக்கைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மானியத்தில் ஒரே நாளில் எல்லாம் வந்தது. பத்து ஆண்டு கழித்து ஒரே நாளில் எல்லாம் காலாவதியாகும். பையில் காசு இருக்காது. மானியம் வாங்குங்கள். அதே கூட்டத்திலேயே அடுத்த மாற்றத்துக்கான நிதிக்கும் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

கவுண்டி கட்டிய வலையைப் பயன்படுத்தும் சின்ன ஊர்களிடம் செட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வசூலிப்பது வழக்கம். தன்னார்வத் தீயணைப்புக் குழு வைத்திருக்கும் சிற்றூருக்கு அந்தக் கட்டணம் கனத்தால், அது விலகித் தன் பழைய சேனலிலேயே நின்றுவிடும். பெருந்தீயில் உதவிக்கு வரும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கட்டணத்தைக் குறைத்து அவர்களை உள்ளே வைத்துக்கொள்வதே மலிவு.

மாறும் நாட்கள்

எல்லாத் துறையையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். ஒவ்வொரு துறையாக மாற்றி, பழைய வலையையும் புதிய வலையையும் கன்ட்ரோல் ரூம் வழியே இணைத்து வையுங்கள். சேனல் வரிசையை எல்லா ஊரும் சேர்ந்து முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்; குமிழின் ஒரே நிலையில் எல்லோருக்கும் ஒரே சேனல் இருக்கட்டும். பக்கத்து ஊருக்குப் புரியாத எண் குறியீடுகளை விட்டுவிட்டு, சாதாரணப் பேச்சில் பேசுவதற்கு இதுவே நல்ல சமயம். பயிற்சி என்பது ஒரு மணி நேர வகுப்பும் கையெழுத்தும் என்று முடிந்துவிடக் கூடாது. புகை நிரப்பிய பயிற்சிக் கட்டடத்துக்குள், முகக்கவசத்தோடு, புதிய செட்டில் ஒவ்வொருவரும் ‘மேடே’ சொல்லிப் பார்க்க வேண்டும். வெளியே நிற்பவர் அதைக் கேட்டு, திரும்பச் சொல்லி உறுதி செய்ய வேண்டும்.

பழைய செட்டுகளில் உங்கள் சேனல்களும் குறியாக்கச் சாவிகளும் இருக்கின்றன. அவற்றை அழிக்காமல் ஏலம் விட்டால், வாங்கியவர் உங்கள் வலைக்குள் பேசலாம். ஒவ்வொரு செட்டின் அடையாள எண்ணையும் வலையிலிருந்து நீக்கி, உள்ளிருப்பதை அழித்து, வரிசை எண்ணோடு பதிவேட்டில் குறித்த பிறகே வெளியே விடுங்கள். நல்ல நிலையில் இருப்பவற்றில் கொஞ்சத்தை, புதியது ஓராண்டு ஓடி நிலைக்கும்வரை கையிருப்பில் வைத்திருங்கள்.

விற்பனையாளருக்குத் தரும் தொகையில் கணிசமான பங்கைக் கடைசித் தவணையாக நிறுத்தி வைக்க ஒப்பந்தத்திலேயே வழி செய்யுங்கள். கட்டடப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு இடத்திலும் பேசிப் பார்த்த அறிக்கை வர வேண்டும். அதில் அந்தந்தத் தீயணைப்பு நிலைய அதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து விழும்வரை, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கடைசித் தவணைக்கான காசோலையில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.